என் கேமராவுக்கு முன்னால் நின்ற மச்சான்

செய்தி வந்தபோது நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு நிலாப் படத்தின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். இரண்டாவது சனிக்கிழமை, பேங்க் லீவு. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அடுப்படியில் என் மனைவி மல்லிகாவின் போன் அடித்தது. "என்ன சொல்ற, என்ன சொல்ற" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது. யாரோ சீட்டு விவகாரம் பேசுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு அவள் குரல் வேறாக மாறியது. எழுந்து போனேன். "அண்ணன் கடை ஷட்டரத் தூக்கையில விழுந்துட்டாராம். போயிட்டாராங்க" என்றாள். கையில் தோசைக் கரண்டி அப்படியே இருந்தது. அடுப்பை அணைத்தது நான்தான்.

அவளுடைய அண்ணன் குணசேகரன். ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தவர். எனக்கு மச்சான். இரவு வானத்தைப் படமெடுக்கும் நம் குழுவில் எல்லோருக்குமே அவர் மச்சான்தான். நான் கூப்பிட்டதைக் கேட்டு ஒவ்வொருவராகத் தொற்றிக்கொண்டு, கடைசியில் காலேஜ் படிக்கிற பெண்கள்கூட 'மச்சான் சார்' என்றார்கள். அவரும் கூச்சப்படாமல் "சொல்லும்மா தங்கச்சி" என்பார். அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. படித்துவிட்டு 'அருமையாக எழுதியிருக்கிறீர்கள்' என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அதைக் கேட்கும் நிலையில் நான் இல்லை.

மல்லிகா புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து கவிதா கூப்பிட்டாள். மச்சானின் ஒரே மகள். கிளம்பி வந்துகொண்டிருந்தாள். "மாமா, ஃப்ளெக்ஸ் போடறவங்க வந்து நிக்கிறாங்களாம். அப்பாவோட நல்ல போட்டோ ஒண்ணு உடனே அனுப்புங்க மாமா. நீங்கதான் எப்பவும் கேமராவும் கையுமா இருப்பீங்களே" என்றாள். அழுகைக்கு நடுவிலும் அந்தக் கடைசி வார்த்தைகளில் ஒரு நம்பிக்கை இருந்தது. "இதோ அனுப்பறேம்மா" என்றேன்.

இந்தக் காலத்தில் ஒருவருக்குப் போட்டோ இல்லாமல் போகுமா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. அவள் கல்யாண ஆல்பத்திலேயே பத்துப் பக்கத்தில் மச்சான் இருக்கிறார். ஒன்றில் வாயைத் திறந்து யாரையோ அதட்டிக்கொண்டிருப்பார். இன்னொன்றில் தாலி கட்டுகிற நேரத்தில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார், மேடையில் ஒரு சீரியல் செட் விளக்கு அணைந்துவிட்டதாம். போன்களில் இருப்பதெல்லாம் பாதி முகம். நிதானமாக, நேராக, ஒரு மனிதனாக அவர் நிற்கிற படம் வேண்டும் என்றால் என்னிடம்தான் இருக்க வேண்டும். அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஹார்ட் டிஸ்க்கைச் செருகித் தேடத் தொடங்கினேன். மலைக்கோட்டை மேல் முழுநிலா. ராஜகோபுரத்துக்குப் பின்னால் வட்டம் வட்டமாகச் சுழலும் நட்சத்திரங்கள். ஒவ்வொரு ஊர்ப் பேரிலும் ஒரு ஃபோல்டர், உள்ளே நூற்றுக்கணக்கில் வானம். இவை அத்தனையையும் எடுத்தபோது மச்சான் என் பக்கத்தில் நின்றிருக்கிறார். மல்லிகா தயாராகி வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வானம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க அண்ணன் ஒண்ணுல கூடவா இல்ல?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் எரிந்து விழுந்து தப்பித்திருப்பேன். அவள் கேட்டது வெறும் ஆச்சரியத்தோடுதான்.

மச்சான் என்னோடு வர ஆரம்பித்ததே அவள் சொல்லித்தான். ஒருமுறை வையம்பட்டிப் பக்கம் ஒரு சோளக்காட்டு ஓரமாக நான் தனியாக ட்ரைபாட் ஊன்றி நின்றிருந்தேன். ஆடு திருட வந்தவன் என்று ஊர்க்காரர்கள் சுற்றி வளைத்துவிட்டார்கள். கேமராத் திரையில் இருந்த படத்தைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். அப்போதும் ஒருவர் 'இதுக்கு ஆடு திருடற பொழப்பே தேவலை' என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் விஷயம் தெரிந்ததும் மல்லிகா அண்ணனைக் கூப்பிட்டுவிட்டாள். "அண்ணா, இவரு இருட்டுல ஒத்தையாப் போறாரு. நீ கூடப் போ."

"நட்சத்திரத்தப் புடிக்கப் போறவருக்கு நான் அடியாளா?" என்று கேட்டார் மச்சான். ஆனால் அடுத்த முறை நான் கிளம்பியபோது கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு, ஒரு பொட்டலம் பக்கோடாவோடு வந்து ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டார். ட்ரைபாட்டைக் குழந்தையை வைத்துக்கொள்வது மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். அன்று முதல் அதுதான் வழக்கம்.

வானத்தின்மேல் அவருக்கு ஆசை வந்ததே இல்லை. நட்சத்திரங்களின் பெயரைச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன். "பேரு எதுக்கு மாப்ள, எரியுதுல்ல, போதும்" என்றுவிட்டார். அவருடைய கடை பல்புக் கணக்கில் சிவப்பாகத் தெரிகிறதெல்லாம் வார்ம் ஒயிட், வெள்ளையாகத் தெரிகிறதெல்லாம் கூல் ஒயிட். மினுக்கினால் "வோல்டேஜ் சரியில்ல" என்பார். முதலில் சிரித்தேன், பிறகு அலுத்துக்கொண்டேன். அலுப்பை மறைக்கவும் இல்லை. நான் சலித்துக்கொள்கிறேன் என்று தெரிந்தால் சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்து பக்கோடாவைப் பிரிப்பார். எனக்கு வேண்டிய பங்கை எடுத்து வைத்துவிட்டுத்தான் அவர் தின்பார்.

ஆனால் நம் யாருக்கும் இல்லாத ஒரு சாமர்த்தியம் அவருக்கு இருந்தது. அவர் கேட்டால் எந்த ஊரிலும் விளக்கை அணைத்துவிடுவார்கள். சமயபுரம் தாண்டி உள்ளடங்கிய ஒரு தென்னந்தோப்புக்குப் போனோம். இருட்டிக்கொண்டு வருகிற நேரம். வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. தோப்பு வீட்டு வாசலில் மட்டும் ஒரு ஃப்ளட் லைட். அது எரிந்தால் பாதி வானம் போச்சு. கிளம்பிவிடலாம் என்றேன். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக அந்த வீட்டுக்கு நடந்தார்.

"ஐயா, இந்த லைட்டைக் கொஞ்ச நேரம் அணைக்க முடியுங்களா? வானத்தப் படம் எடுக்க வந்திருக்கோம்."

வெளியே வந்த தோப்புக்காரர் அவரை உற்றுப் பார்த்தார். "நீங்க சாத்தார வீதி கடைக்காரர்தானே? சின்ன லைட்டு கேட்டு வந்தவன, இது பத்தாதுன்னு சொல்லி இதை என் தலையில கட்டுனது நீங்கதானே?"

"நாந்தாங்க."

"இப்ப நீங்களே வந்து அணைக்கச் சொல்றீங்க?"

"வித்தது வயித்துக்குங்க. அணைக்கச் சொல்றது மாப்பிள்ளைக்குங்க" என்றார் மச்சான், என்னைக் கை காட்டி.

தோப்புக்காரர் சிரித்தே விட்டார். விளக்கு அணைந்தது. உட்கார நாற்காலியும் வந்தது. 'வித்தது வயித்துக்கு, அணைக்கிறது மாப்பிள்ளைக்கு' என்பது அதன்பின் நம் குழுவில் பழமொழியாகவே ஆகிவிட்டது. அன்று எடுத்த படத்தை உங்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். என்ன கேமரா, என்ன லென்ஸ், எத்தனை நொடி என்று அடியில் விவரமாக எழுதியிருந்தேன். விளக்கை அணைக்க வைத்தவர் யார் என்று எழுதவில்லை. அப்படி யாரும் எழுதுவதில்லை என்று இப்போது சொன்னால் அது நொண்டிச் சாக்கு.

வேட்டி விஷயத்துக்கு வருகிறேன். உங்களில் பலருக்கு இது தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வானத்தைப் படமெடுப்பவர்கள் கூடவே 'ஃப்ளாட்' என்று ஒன்றும் எடுக்க வேண்டும். அந்தி வெளிச்சம் இருக்கும்போதே லென்ஸின் மேல் வெள்ளைத் துணியை இழுத்துப் பிடித்து, வெறும் வெள்ளையைப் படமெடுப்பது. லென்ஸில் ஒட்டியிருக்கும் தூசி, ஓரத்து மங்கல் எல்லாம் அதில் பதிந்துவிடும். பிறகு கம்ப்யூட்டர் அதை வைத்துக்கொண்டு மற்ற படங்களிலிருந்து அந்தக் குறைகளைக் கழித்துவிடும். இதற்கென்று ஒரு வெள்ளை பனியன் வைத்திருந்தேன். ஒருநாள் அதை மறந்துவிட்டு வந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

"வேட்டி ஆகுமா மாப்ள?" என்றார் மச்சான்.

அவர் கட்டுவது எட்டு முழ வேட்டி, இரட்டையாக மடித்துக் கட்டுவது. அதில் ஒரு மடிப்பைப் பிரித்து லென்ஸின் மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டார். "கேமராவுக்கு ஒரு மடிப்பு, மானத்துக்கு ஒரு மடிப்பு" என்றார். படம் பனியனைவிட நன்றாக வந்தது. அதற்குப் பிறகு பனியனை நான் எடுத்துக்கொண்டு போகவே இல்லை. ஒவ்வொரு முறையும் மச்சான் ட்ரைபாட்டைக் கட்டிப் பிடித்தாற்போல் நின்று, கேமராவின் முகத்துக்கு நேராகத் தன் வேட்டியை விரித்துப் பிடிப்பார். துணி ஆடினால் படம் கெட்டுவிடும். "அசையாதீங்க மச்சான்" என்று அதட்டுவேன். மூக்கில் கொசு உட்கார்ந்தாலும் அசைய மாட்டார்.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. என் கேமராவுக்கு முன்னால் அவரைவிட நெருங்கி நின்ற மனிதர் கிடையாது. ஒரு சாண் தூரம்தான் இருக்கும். நான் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். பதிந்ததெல்லாம் வெள்ளை.

அந்தப் புரட்டாசிக் கடைசியில் வந்த வால்நட்சத்திரத்தை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சூரியன் மறைந்த பின் மேற்கே கொஞ்ச நேரம்தான் தெரியும், பிறகு அதுவும் இறங்கிவிடும். மழை மேகம் வேறு நாள்தோறும் மேற்கை அடைத்துக்கொண்டிருந்தது. மேகம் விலகிய ஒரு சாயங்காலம் முக்கொம்புக்கு மேற்கே காவிரிக் கரைக்குப் போனோம். நேர் எதிரே தண்ணீர், அதற்கு மேல் திறந்த வானம். வெள்ளி முளைத்ததும் அதை வைத்து ஃபோகஸைச் சரிசெய்துவிட்டு மச்சானைக் கூப்பிட்டேன். வேட்டியைப் பார்த்ததும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. குறுக்கே ஒரு பெரிய மடிப்புக் கோடு.

"என்ன மச்சான், இன்னைக்குப் பார்த்து இஸ்திரி போடாம வந்திருக்கீங்க?"

"சட்டைக்குப் போட்டேன் மாப்ள, வேட்டிய மறந்துட்டேன்."

சட்டையைப் பார்த்தேன். நீல நிறம், புதிது. மடிப்புக் கலையாமல் இருந்தது. முகமும் மழுமழுவென்று சவரம் செய்யப்பட்டிருந்தது. எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. இருக்கிற வேட்டியை வைத்து வேலையை முடித்துக்கொண்டு கேமராவை மேற்கே திருப்பினேன். வெளிச்சம் வடியவடிய அது தெரிய ஆரம்பித்தது. மேல்நோக்கிச் சீவிவிட்டாற்போல் ஒரு வால். வாட்ஸ் கணக்குப் பேசுகிற மச்சானே கண்ணெடுக்காமல் அதைப் பார்த்தார்.

பிறகு சொன்னார். "மாப்ள, என்னையும் அதையும் சேத்து ஒண்ணு எடுங்க. கவிதாவுக்கு அனுப்பணும். அப்பா எங்க போறாருன்னு தினமும் கேட்டுக்கிட்டே இருக்கா."

"இருங்க மச்சான், இது முடியட்டும்."

சரி என்று நடந்துபோய்த் தண்ணீர் ஓரமாக நின்றுகொண்டார். தோளை நிமிர்த்தி, கையைக் கட்டிக்கொண்டு, நான் திரும்பியதும் எடுக்கத் தோதாக. கேமராத் திரையைப் பார்த்தேன். இடது ஓரத்தில் அவர் கறுப்பாக வந்திருந்தார். "கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க மச்சான், ஃப்ரேம்ல வர்றீங்க" என்றேன். இடது பக்கம் நகர்ந்தார். "இன்னும்" என்றேன். இன்னும் நகர்ந்தார். அவர் விழுந்திருந்த படங்கள் கெட்டுப்போனவை என்று அப்போதே அழித்தேன். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தள்ளினேன். போதும் என்ற எண்ணமே வரவில்லை. கீழே இருந்து மேகம் ஏறி வாலை மூடிய பிறகுதான் கையை எடுத்தேன். மச்சான் அதே இடத்தில் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"போயிடுச்சு மச்சான். பரவாயில்ல, அடுத்த வால்நட்சத்திரத்துக்கு எடுத்துக்கலாம்" என்றேன்.

"அப்ப அதுக்கு ஒரு கேரண்டி கார்டு குடுத்துடுங்க" என்று சொல்லிச் சிரித்தபடி ட்ரைபாட்டைத் தூக்கிக்கொண்டார்.

வால்நட்சத்திரம் போனால் என்ன, மனிதர் அங்கேதானே இருந்தார்? அந்தி வெளிச்சம் மிச்சம் இருந்தது. பின்னால் காவிரி இருந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவரை ஒரே ஒரு படம் எடுத்திருக்கலாம். கேமராவைப் பையில் வைத்து மூடினேன். வீட்டுக்குப் போய்ப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

செய்தி வந்த சனிக்கிழமை நாங்கள் ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தபோது தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது. ஆதார் கார்டுப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். ஆதார் படத்தில் யார்தான் தன்னைப்போல் இருக்கிறார்கள்? கண் பிதுங்கி, காது புடைத்து, யாரோ பயமுறுத்திய மாதிரி நின்றார் மச்சான். கடைக்கு வழக்கமாக வருகிறவர் ஒருவர் அதன் கீழே நின்று பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "யாருங்க இது, நம்ம எலக்ட்ரிக்கல் கடைக்காரரா?" என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்டது என்னைக் குத்துவதற்கு அல்ல.

உள்ளே ஃப்ரீசர் பெட்டியில் வெள்ளை வேட்டி போர்த்திப் படுத்திருந்தார். ஒரு சுருக்கம் இல்லாத வேட்டி. ஒரு அசைவு இல்லை. எத்தனை சாயங்காலம் 'அசையாதீங்க மச்சான்' என்று அவரை விரட்டியிருப்பேன். அங்கே நிற்க முடியாமல் வாசலுக்கு வந்துவிட்டேன். பந்தலில் அவர் கடை விளக்குகள்தான் கட்டியிருந்தார்கள், பட்டப்பகலில் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. அணைக்கச் சொல்ல ஆள் இல்லை. நீங்கள் பலர் வந்திருந்தீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, 'மச்சானுக்கு நீங்கன்னா உயிருண்ணே' என்றீர்கள். அது உண்மை என்பதால்தான் நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கவிதா வந்து இறங்கியதும் ஃப்ளெக்ஸைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்னைக் கட்டிக்கொண்டுதான் அழுதாள். போட்டோ பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். ஹாலில் அந்த முக்கொம்பு வால்நட்சத்திரத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்ட படம். மல்லிகா அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"இதுல அண்ணன் எங்க நின்னாரு?" என்றாள்.

எழுந்துபோய், சட்டத்துக்கு இடது பக்கம், ஒரு முழம் தள்ளி, வெறும் சுவரில் விரலை வைத்தேன். "இங்க."

அவள் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. எதையாவது கொடுத்துவிட வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் அந்தக் கோடு நினைவுக்கு வந்தது. படத்தின் மேல் பகுதியில் சாய்வாக, மங்கலாக ஒரு வெளுத்த கோடு ஓடும். இது என்ன என்று உங்களில் இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மெல்லிய மேகம் என்று புளுகியிருக்கிறேன். அது மேகம் இல்லை. இஸ்திரி போடாத வேட்டியின் மடிப்பு. ஃப்ளாட்டில் பதிந்து, அங்கிருந்து படத்துக்குள் வந்துவிட்டது. எவ்வளவோ முயன்றும் முழுதாகப் போகவில்லை.

"இங்க பாரு" என்று அவளைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினேன். "இந்தக் கோடு அண்ணனோட வேட்டிதான். அன்னைக்கு அவர் கட்டியிருந்தது."

கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவு நெருங்கிப் பார்த்தாள். விரலால் அந்தக் கோட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவினாள்.

"வேட்டி தெரியுதுங்க" என்றாள். "மூஞ்சிதான் தெரியல."

மச்சானிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் கோடும், ஒரு டிஸ்க் நிறைய அவர் இழுத்துப் பிடித்த வெள்ளையும்தான். நான் எடுத்த எல்லா வானத்திலும் அந்த வெள்ளை கலந்திருக்கிறது. அவர் பிடித்துக்கொண்டு நின்றதால்தான் உங்களுக்கு அவை குறையில்லாமல் தெரிந்தன. கோட்டை நீக்கும் வழி இப்போது எனக்குத் தெரியும், நீக்கப்போவதில்லை. கவிதா இதுவரை போட்டோ கேட்கவில்லை. "இதோ அனுப்பறேம்மா" என்று நான் சொன்னது அப்படியே நிற்கிறது.